வருத்தமில்லை என்று எழுதிய கடிதம்

எங்கள் வீட்டில் ஒருவன் வழக்கத்துக்கு மாறாக எதைச் செய்தாலும் அதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று வருத்தம், மற்றது கொழுப்பு. வருத்தம் என்றால் எங்கள் பக்கத்தில் நோய். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அதே சொல்லை மனக்கவலைக்கு வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் காய்ச்சலும் வருத்தம், புற்றுநோயும் வருத்தம். சோற்றைத் தள்ளி வைப்பவனின் நெற்றியில் அம்மா கை வைத்துப் பார்ப்பாள். சுட்டால் வருத்தம், சுடாவிட்டால் கொழுப்பு. வருத்தத்துக்கு அரை அவியல் முட்டையும் மிளகுத்தூளும் நல்லெண்ணெயும் கிடைக்கும். கொழுப்புக்கு அகப்பைக்காம்பு கிடைக்கும்.

நான்கு மாதங்கள் நான் முதல் வகையில் இருந்தேன். ஒரு டொக்டர் நல்ல மனதோடு எழுதித் தந்த நான்கு வரிக் கடிதம் என்னை இரண்டாவது வகைக்கு மாற்றிவிட்டது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அடக்க வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். பட்டணத்தில் பள்ளிக்கூடம் போனவன், எஞ்சின்களோடு வரும் புத்தகங்களை வாசித்து வாசித்து இங்கிலீசும் ஓரளவு பழகிக்கொண்டவன். அப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும். பக்கத்து வீட்டில் அண்ணை, மனைவி பிள்ளைகளோடு. ஆனால் எங்கள் விறாந்தைக் கதிரையில் அவன் வந்து உட்காராத நாள் கிடையாது. எதிலும் கடைசிச் சொல் அவனுடையது. அண்ணையை ‘அவர்’ என்று சொல்லி வளர்ந்தவன் நான். இதில் ‘அவன்’ என்றுதான் எழுதப் போகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு முப்பத்தொரு வயது. மூன்றாவது பெண்ணின் படம் வீட்டுக்கு வந்த அன்று, குசினியில் கணவாய் துப்புரவு பண்ணிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அண்ணை வாசலில் நின்றான். அவனும் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

“எனக்குப் பொம்பிளையளிலை விருப்பம் வராது அம்மா. ஆம்பிளையளிலைதான் வரும். சின்ன வயசிலையிருந்து அப்பிடித்தான்.”

அம்மா கை கழுவவில்லை. கணவாய் மை படிந்த விரல்களோடு என்னை நிமிர்ந்து பார்த்து, இருமலுக்குக் கேட்பதுபோல, “எவ்வளவு நாளாய்?” என்றாள்.

சின்ன வயதிலிருந்து என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். பதிலைத் திரும்பச் சொல்வதற்குள் அண்ணை உள்ளே வந்து கையை ஓங்கினான். அம்மா எழும்பி இடையில் நின்றாள். “வருத்தக்காரப் பிள்ளைக்குக் கை நீட்டாதை” என்றாள். ஓங்கிய கை இறங்கியது. அவன் என்னைப் பார்த்த பார்வைகூட மாறிவிட்டது. கொஞ்சம் பயம், கொஞ்சம் இரக்கம். “அப்ப கிளினிக்கிலை காட்டுவம்” என்றான்.

அந்த நான்கு மாதங்களைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். அப்படி ஒரு கவனிப்பு எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. காலையில் முட்டை. மீன் குழம்பில் நடுத்துண்டு. அண்ணையின் பிள்ளைகள் சத்தம் போட்டால், “சித்தப்பாக்குச் சுகமில்லை, அங்காலை போங்கோ” என்பாள் அம்மா. வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாலும் கேள்வி இல்லை. பெண் பார்க்கும் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முட்டையைச் சாப்பிட்டேன். அம்மா தலையைத் தடவும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அதில் வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லை.

கிளினிக்குக்கு அம்மா ஒரு கொப்பி வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல மண்ணிற உறை போட்டுத் தந்தாள். ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தாள். மனநோய்ப் பிரிவு என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே இருந்த நீள வாங்கில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். அந்த வழியாக எங்கள் கரைச் சனம் எத்தனை பேர் போனார்கள் என்று நான் எண்ணவில்லை. அவர்கள் எங்களை எண்ணியிருக்கிறார்கள்.

டொக்டர் என்னைவிட இளைய பெண். மூன்று தடவைகள் என்னோடு தனியாகக் கதைத்தார். தூக்கம், சாப்பாடு, பயம், சாகவேண்டும் என்ற எண்ணம் வருமா, எல்லாம் கேட்டார். மூன்றாவது தடவை பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்.

“உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு காலத்திலை இதை வருத்தமெண்டு எங்கடை புத்தகங்களிலை எழுதி வைச்சிருந்தவை. பிழையெண்டு கண்டு எடுத்துப் போட்டினம். நீங்கள் பிறக்கிறதுக்கு முதலே எடுத்தாச்சு.”

நான் பிறக்கும் முன்பே. அதைக் கேட்டபோது முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, எரிச்சல். முப்பத்தொரு வருடங்களாக எனக்குள் எதைப் புதைத்து வைத்திருந்தேனோ அது நான் பிறப்பதற்கு முன்பே விடுதலையாகி இருந்திருக்கிறது. ஒருவரும் குருநகருக்கு வந்து சொல்லவில்லை.

பிறகு டொக்டர் அம்மாவை உள்ளே கூப்பிட்டார். “அம்மா, உங்கடை மகனுக்கு வருத்தம் எண்டு ஒண்டும் இல்லை” என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சினாள். டொக்டர் விட்டுவிடாமல் தொடர்ந்தார்: அவர் இப்படித்தான், இதை மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை, அவருக்கு விருப்பமில்லாத கலியாணத்தைச் செய்து வைக்காதேங்கோ. அம்மா ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். முதல் வசனத்துக்குப் பிறகு அவள் காதில் ஒன்றும் விழவில்லை என்று எனக்குத் தெரிந்தது. விழுந்தது ஒரே ஒரு சொல். வெளியில் வந்ததும், “விருப்பமில்லாத கலியாணம் வேண்டாமாம். உனக்குப் பிடிச்ச பிள்ளையாப் பாப்பம்” என்றாள்.

அதற்கு முன்பு, கிளம்பும்போது, அம்மா டொக்டரிடம் ஒரு துண்டு கேட்டிருந்தாள். “வருத்தமில்லை எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ டொக்டர், சனத்துக்குக் காட்ட.” டொக்டர் என்னைப் பார்த்தார். “நான் எழுதினால் முழுசாத்தான் எழுதுவன். அது ஆரின்ரை கையிலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். எழுதுங்கோ என்றேன். எழுத்தில் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

இங்கிலீசில் நான்கு வரிகள். இவருக்கு மனநோய் எதுவும் இல்லை. இவர் ஆண்கள்மீது ஈர்ப்புள்ளவர். அது நோயல்ல, அதற்குச் சிகிச்சையும் கிடையாது. அதை மாற்றும் நோக்கத்தோடு இவருக்குத் திருமணம் செய்து வைக்கக் கூடாது. கீழே கையெழுத்து, முத்திரை.

ஓட்டோவில் வரும்போது அம்மா கேட்டாள், “என்ன எழுதியிருக்கு?”

“வருத்தமில்லை எண்டு எழுதியிருக்கு.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மிச்ச மூன்று வரிகளையும் சொல்ல வாய் வரவில்லை. ஓட்டோக்காரர் எங்கள் தெருக்காரர், அவர் காதில் விழக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போயும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முட்டை வரவில்லை. ஆறு மணிக்கு அண்ணை கட்டிலை உதைத்து எழுப்பினான். “வருத்தமில்லையாமே? அப்ப எழும்பிப் போய் வேலையைப் பார்” என்றான். கடிதத்தை வாங்கிப் பார்த்தான். அவன் படித்தது எட்டாம் வகுப்பு. முதல் வரியின் முதல் சொல்லை எழுத்துக்கூட்டி, “நோ எண்டால் இல்லை” என்றான். அது அவனுக்குப் போதும். அன்றைக்குக் குசினியில் நான் சொன்னதெல்லாம் காய்ச்சல்காரன் பிதற்றியதுபோல ஆகிவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கலியாணம்.

ஆனால் கலியாணப் பேச்சுக்கால் நகரவில்லை. கிளினிக் வாங்கில் எங்களைக் கண்டவர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். அவனுக்கு விசராம், பைத்தியமாம், மாதக்கணக்காக மருந்து எடுக்கிறானாம் என்று கரை முழுக்கப் பேச்சு. இரண்டு இடம் கேட்ட கையோடு தட்டிப் போயிற்று. அம்மாவுக்கு நெஞ்சு பொருமியது. விசர் என்று பேர் எடுத்த பிள்ளைக்கு விசரில்லை என்று காட்ட அவளிடம் என்ன இருந்தது? கடிதம் இருந்தது. சந்திக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து லமினேற் பண்ணிக்கொண்டு வந்தாள். மழையில் நனையாது, கசங்காது, கையெழுத்தும் முத்திரையும் பளபளவென்று தெரியும். ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகும்போதும் கைப்பைக்குள் வைத்திருந்தாள். மகன் ஆண்களை விரும்புகிறவன் என்று டொக்டர் எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை, மகன் நல்ல மாப்பிள்ளை என்பதற்கு அத்தாட்சியாகத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தாள். அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், அவள் பக்கத்திலேயே நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு நடந்தவன், வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவதாகப் போனது இன்னொரு கரையில், வேறு கோயில் பங்கில் உள்ள வீடு. பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது, பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார் என்று மட்டும் தெரியும். என்ன பாடம் என்று அம்மா விசாரிக்கவில்லை. தேத்தண்ணி வருவதற்கு முன்பே அம்மா கடிதத்தை எடுத்துப் பெண்ணின் தகப்பனிடம் நீட்டினாள்.

“சனம் என்னெல்லாமோ கதைக்கும். இது பெரிய டொக்டர் எழுதித் தந்தது. நீங்களே பாருங்கோ.”

தகப்பன் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு மகளிடம் கொடுத்தார். “பிள்ளை, நீதானே இங்கிலீஸ் ரீச்சர். வாசிச்சுச் சொல்லு.”

என் காதுக்குள் எஞ்சின் ஓடுவதுபோல ஒரே இரைச்சல். அந்தப் பெண் நின்றபடியே வாசித்தார். கண்கள் முதல் வரியில் ஓடின, இரண்டாவது வரியில் நின்றன. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் போய், திரும்ப இரண்டாவதுக்கு வந்தன. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கும் பார்வை. நான் நிலத்தைப் பார்த்தேன்.

“வருத்தமில்லை எண்டு எழுதியிருக்கு அப்பா” என்றார்.

ஓட்டோவுக்குள் நான் அம்மாவுக்குச் சொன்ன அதே சொற்கள். எனக்கு மூச்சு வந்தது. என்ன நல்ல பெண் என்று நினைத்தேன். காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்தவர் தலையில் போட்டுவிட்டுத் தப்புகிறவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

இரண்டு வீடும் சம்மதம் என்று ஆயிற்று. எங்கள் கத்தோலிக்கச் சனத்தில் கலியாணம் எழுதினால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், இவர்களுக்கிடையே ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வரும். தடை என்பதற்கு அங்கே இன்னும் அந்தப் பழைய சொல்தான். சின்ன வயதில் அந்த இடம் வரும்போது யாராவது எழும்புவார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். ஒருவரும் எழும்பியதில்லை. என் பேர் வாசிக்கப்பட்ட முதல் ஞாயிறும் ஒருவரும் எழும்பவில்லை. அம்மா முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரம், சேலையும் ஹெல்மெட்டுமாக அந்த ரீச்சர் என் கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினார். நான் ஓர் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தேன். கையெல்லாம் கிறீஸ். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“நீங்கள் இங்கிலீஸ் வாசிப்பியளோ?”

“ஓம்.”

“அப்ப அந்தக் கடிதத்தை வாசிச்சுப்போட்டுத்தான் அம்மாவைக் கொண்டு திரிய விட்டனீங்கள்.”

நான் கழற்றிய நட்டைக் கையில் உருட்டினேன்.

“நான் அண்டைக்கு முழுசா வாசிச்சிருந்தால் எங்கடை அப்பா உங்களை முற்றத்திலையே வெட்டியிருப்பார். அதாலை விட்டன். நீங்கள் வீட்டை போய் உங்கடை வாயாலை மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நேற்று உங்கடை பேரும் என்ரை பேரும் கோயிலிலை ஒண்டா வாசிச்சினம். நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?”

“கோயிலிலைதான் இருந்தனான். எனக்குப் பயம்.”

“எனக்கு இல்லையோ? இது எனக்கு வந்த நாலாவது சம்பந்தம். இதையும் நான் குழப்பினால் எடுப்பும் திமிரும் பிடிச்சவள் எண்டுவினம், இல்லாட்டி என்னிலை ஏதோ பிழை எண்டுவினம். உங்களுக்கு வருத்தமில்லை எண்டு டொக்டர் எழுதியிருக்கிறா. பிறகேன் என்னை மருந்தாக் குடுக்கினம்?” குரல் உயரவில்லை. வகுப்பில் இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் குரல். “நான் பொம்பிளை. குளிசை இல்லை.”

நான் கிறீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க அது பரவிற்று.

“வாற ஞாயிறுக்கு முதல் பாதரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி, விக்கினம் எண்டு வாசிக்கிற நேரம் நான் எழும்புவன். கடிதம் எனக்கு மனப்பாடம்.”

ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. பட்டணத்தில் எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது நியாயம்தான். என் வீட்டார் எனக்குச் செய்ததைச் சொல்லிச் சொல்லி நான் ஆத்திரப்படும்போதெல்லாம், நான் அவருக்குச் செய்யப் பார்த்தது குறுக்கே வந்து நிற்கும்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஒவ்வொரு நாளும் அறைவீட்டு வாசல்வரை போனேன். அறைவீடு என்றால் கோயிலோடு சேர்ந்து பாதர் இருக்கும் வீடு. வாசலில் சைக்கிள்கள் நின்றால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று திரும்பினேன். சைக்கிள் இல்லாவிட்டால் பாதர் தூங்குவார் என்று திரும்பினேன். சனிக்கிழமைதான் உள்ளே போனேன்.

“பாதர், கலியாணத்துக்கு விக்கினம் இருக்கு.”

பாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை எடுத்தார். “ஆர் அறிவிக்கிறது?”

“நான்தான்.”

“மாப்பிளையே அறிவிக்கிறதோ? என்ன விக்கினம்? முந்தி எங்கையும் கலியாணம் எழுதினனியோ? ரெண்டு பேருக்கும் ரத்த உறவோ?”

படிவத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குப் பொருந்தக்கூடிய கட்டம் ஒன்றும் அதில் இருக்கவில்லை. சொன்னேன். பாதர் பேனையின் மூடியைப் போட்டார். கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன், அவராவது முழுதையும் கேட்கட்டும் என்று.

“வருத்தமெண்டு வந்திருந்தால் நான் உனக்காகச் செபிச்சிருப்பன்” என்றார். “டொக்டரே வருத்தமில்லை எண்டு எழுதித் தந்திட்டா. அப்ப நீ தெரிஞ்சு செய்யிற பாவம். நான் என்னெண்டு உனக்கு இரங்கிறது? இது நாட்டுச் சட்டத்திலையும் குற்றம், தெரியுமோ?”

தெரியும் என்றேன்.

“நாளைக்கு வாசிக்க மாட்டன். வீட்டிலை நீயே சொல்லு.”

சொன்னேன். விறாந்தையில் வைத்து, மாலை நாலு மணிக்கு, அம்மாவும் அண்ணையும் இருக்க, நான்கு வரிகளையும் தமிழில் சொன்னேன். அம்மா கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, இவ்வளவு நாளும் தன்னை ஏமாற்றியது அதுதான் என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணை இந்தத் தடவை கையை ஓங்கவில்லை, அடித்தான். அம்மா இடையில் வரவில்லை. வருத்தக்காரன் என்றால் வந்திருப்பாள். கதிரையோடு சரிந்து விழுந்த நான் எழும்பியபோது வாயெல்லாம் இரத்தம். அந்தக் கணத்தோடு அவன் எனக்கு ‘அவர்’ இல்லை.

அவன் அம்மாவின் கையிலிருந்து கடிதத்தைப் பறித்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். “வருத்தமெண்டால் ஆஸ்பத்திரி. வருத்தமில்லையெண்டால் பொலிசு. இதை அப்பிடியே ஸ்டேசனிலை கொண்டுபோய்க் குடுப்பன். ரெண்டிலை எது எண்டு நீயே சொல்லு.”

படிக்காதவன் சொன்னது என்று தள்ளிவிட முடியவில்லை. நாட்டின் நிலைமையை அவனைவிடச் சுருக்கமாக ஒரு வக்கீலும் சொல்லியிருக்க மாட்டார். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. தண்டனைச் சட்டத்தில் என்னைப்போன்றவர்களை உள்ளே போடுவதற்கு வெள்ளைக்காரன் எழுதி வைத்த பிரிவும் இருக்கிறது. அவன் தன் நாட்டில் அதை எப்போதோ அழித்துவிட்டான். நாங்கள் அதை எங்கள் பண்பாடு என்று காவல் காக்கிறோம். எடுத்துவிடலாம் என்று கொழும்பில் பேசுவார்கள், செய்தியில் வரும், அண்ணை சனலை மாற்றுவான். இன்றுவரை எடுக்கவில்லை. மருத்துவப் புத்தகம் என்னை விட்டது. சட்டப் புத்தகம் விடவில்லை. டொக்டர் எனக்குத் தந்த நற்சான்று பொலிசில் போய் என் குற்றப் பத்திரமாகிவிடும். அதையும் என் அம்மா மழை படாமல் பாதுகாத்து வைத்திருந்தாள்.

அண்ணை பொலிசுக்குப் போகவில்லை. என்னில் உள்ள அன்பால் என்று நினைக்கவேண்டாம். பொலிசுக்குப் போனால் அவனுடைய பேரும் எழுதப்படும்.

ஞாயிறு பூசையில் வேறு இரண்டு சோடிகளின் அறிவித்தல் வாசித்தார்கள். எங்கள் பேர் வரவேண்டிய இடத்தில் பாதர் தாளைத் திருப்பினார். முன்வரிசையிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஒருத்தி மதிலுக்கு மேலால் எட்டி, “என்ன, வாசிக்கேல்லை?” என்று கேட்டாள். அம்மா நடையை எட்டிப் போட்டாள். அம்மாவைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது. அதற்காக நான் சொன்னதைத் திரும்ப எடுக்க நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உடுப்புக்கூட மாற்றாமல் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு கோப்பை. அதற்குள் அரை அவியல் முட்டை, மேலே மிளகுத்தூள், நல்லெண்ணெய். நான்கு மாதங்களும் எனக்கு வந்த அதே கோப்பை. பக்கத்தில் மண்ணிற உறை போட்ட கிளினிக் கொப்பி.

“இரு” என்றாள். இருந்தேன். வீங்கிய உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நாளைக்கு அந்த டொக்டரிட்டைப் போவம் ராசா. வருத்தமெண்டு ஒருக்கா எழுதித் தரச் சொல்லி நான் காலிலை விழுந்தெண்டாலும் கேக்கிறன். பழைய கடிதத்தைக் கிழிச்சுப்போடலாம். வருத்தமெண்டால் சனம் வாய் திறவாது. உன்ரை அண்ணையும் கை வைக்கான். கலியாணமும் ஒருத்தரும் கேக்காயினம். நான் சாகுமட்டும் உன்னைப் பாப்பன்.”

அவள் பொய் சொல்லவில்லை. பார்த்திருப்பாள். நான் படுத்தால் தலையைத் தடவியிருப்பாள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பவளுக்கு, பிள்ளைக்குச் சுகமில்லை என்று பதில் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அவ்வளவும் அந்தக் கோப்பைக்குள் இருந்தது. அதைச் சாப்பிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதைச் சொல்ல எனக்கு இன்றும் சொல் வரவில்லை. ஒரு வாய் எடுத்தால் போதும், அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டு.

“எனக்கு வருத்தமில்லை அம்மா” என்றேன்.

அம்மா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்ப எழும்பு” என்றாள்.